மூன்று நாளில் அடங்கிய குமிழி: ஏல் நொதித்து முடிந்துவிட்டதா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஏல் என்ற வகை பியர் காய்ச்சுகிறீர்கள். 20 லிட்டர் மால்ட் (முளைகட்டிய தானியம்) சாறு, ஆரம்ப ஒப்படர்த்தி 1.050 (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன இது இறங்கும்), ஒரு பொட்டலம் உலர்ந்த ஏல் ஈஸ்ட், அறை வெப்பநிலை 22 டிகிரி செல்சியஸ். இரவு ஈஸ்ட்டைத் தூவினீர்கள். மறுநாள் மதியத்துக்குள் ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத நீரடைப்பில்) குமிழிகள் விடாமல் கிளம்பின. மூன்றாம் நாள் மாலை ஏறக்குறைய நின்றுவிட்டன. செய்முறைத் தாளோ ஏழு முதல் பத்து நாள் என்கிறது. ஈஸ்ட் இத்தனை வேகமாக வேலை செய்யுமா, நிமிடத்துக்கு எத்தனை குமிழி என்று எண்ணி வேகத்தைக் கணக்கிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது வேகத்தைப் பற்றி என்றாலும், இதை எப்போது பாட்டிலில் அடைக்கலாம் என்ற கவலைதான் அதற்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். மதுவடிப்பு ஆலை ஆய்வகத்தில் ஈஸ்ட் செல்களை எண்ணுவதும் ஒப்படர்த்தி பார்ப்பதும் பல ஆண்டுகளாக என் வேலை. வீட்டில் காய்ச்சும் பழக்கமும் உண்டு. ஆலைத் தொட்டியும் வீட்டு வாளியும் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை என்பதால், ஆலைக் கணக்கை அப்படியே உங்கள் மேல் ஏற்றாமல் இருக்கப் பார்க்கிறேன்.

முதலில் பயத்தைப் போக்கிவிடலாம். 22 டிகிரியில் ஆரோக்கியமான ஏல் ஈஸ்ட், 1.050 அளவிலான சாற்றில் உள்ள சர்க்கரையின் பெரும்பகுதியை மூன்று நாளில் தின்று தீர்ப்பது முற்றிலும் இயல்பு. அதில் விசித்திரமும் இல்லை, கெடுதலும் இல்லை. ஆனால் "பெரும்பகுதி" என்பதற்கும் "முழுவதும்" என்பதற்கும் நடுவே இருக்கும் சின்ன இடைவெளியில்தான் பாட்டில்கள் வெடிக்கின்றன. அந்த இடைவெளியைக் குமிழியை எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது.

ஏன் முடியாது என்பதை ஒரு சின்னக் கணக்கில் காட்டுகிறேன். உங்கள் 20 லிட்டர் 1.050-இலிருந்து 1.012 வரை இறங்கினால், அதற்குள் சுமார் 400 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளிவந்திருக்கும். அத்தனையும் ஏர்லாக் வழியாகப் போயிருந்தால் எண்ணுவதில் ஓரளவு பொருள் உண்டு. ஆனால் வீட்டு வாளிகளின் மூடி அவ்வளவு இறுக்கமாக உட்காருவதில்லை. ரப்பர் வளையத்தில் முடியிழை அளவு இடைவெளி கிடைத்தால் போதும், வாயு அந்த வழியாகப் போய்விடும். ஏர்லாக்கில் உள்ள தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வெளியேறுவதைவிட அது அதற்கு எளிது. நொதித்தல் உச்சத்தில் இருக்கும்போது வாயு ஏராளம் என்பதால் இரண்டு வழியாகவும் போகும். வேகம் குறைந்ததும் கசிவு மட்டுமே போதுமானதாகிவிடும், குமிழி நின்றுவிடும். உள்ளே ஈஸ்ட் இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. 18 டிகிரியில் இருந்த பியர் 22 டிகிரிக்குச் சூடேறினால், அதில் கரைந்திருந்த வாயுவில் ஏறத்தாழ இரண்டு லிட்டர் வெளியே வந்துவிடும். ஈஸ்ட் எப்போதோ ஓய்ந்துபோன 20 லிட்டரில் இந்த இரண்டு லிட்டர் மட்டுமே சில நூறு குமிழிகளைக் கிளப்பும். காற்றழுத்தம் குறைந்தாலும் இதே கதைதான். ஆகவே குமிழி வந்தால் வாயு வருகிறது என்று அறியலாம், வராவிட்டால் அதுகூட அறிய முடியாது.

நுரை ஏர்லாக்கைவிட நம்பகமான சாட்சி. ஈஸ்ட் தூவிய சில மணி நேரம் ஒன்றுமே நடவாததுபோலத் தோன்றும். அந்த நேரத்தில் செல்கள் சாற்றில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுத்துத் தங்கள் சவ்வுக்குத் தேவையான கொழுப்புப் பொருட்களைத் தயாரித்துக்கொண்டு, பெருகத் தொடங்கும். ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாள் வரை இந்த அமைதி நீடிக்கலாம். இரண்டு நாள் ஆனாலும் உடனே கலங்க வேண்டாம். பிறகு வெள்ளைத் திட்டுகளாகத் தொடங்கி, கெட்டியான நுரைப் போர்வை எழும்பும். மேலே ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பு தரும் பூ) பிசினும் புரதமும் சேர்ந்த பழுப்புக் கறைகள் படியும். ஒளி புகும் கலனாக இருந்தால் உள்ளே திரவம் கீழும் மேலுமாகச் சுழல்வதைப் பார்க்கலாம். நுரை சரிந்து, சுவரில் பழுப்பு வளையத்தை மட்டும் விட்டுவிட்டு இறங்குவது உச்சம் கடந்துவிட்டதற்கு அடையாளம். இங்கும் ஒரு எச்சரிக்கை: சில ஏல் ஈஸ்ட்களின் நுரை வேலை முடிந்தபிறகும் நாள்கணக்கில் கீழே விழாது. வேறு சில வகைகள் சர்க்கரை மிச்சமிருக்கும்போதே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடும். பியர் தெளிந்துபோய் முடிந்ததுபோலக் காட்சி தரும். தெளிவை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

சரி, எதை வைத்து முடிவெடுப்பது? திரவத்தில் மிதந்து ஒப்படர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர். வேறு குறுக்குவழி இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இந்தக் கருவி மதுவடிப்புக்குள் நுழைந்தது. ஜான் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் 1784-இல் அதன் பயனை எண்களோடு விளக்கிக் காட்டினார். அதற்கு முன் எல்லோரும் நுரையையும் நாக்கையும் நம்பியிருந்தார்கள். இன்று வீட்டில் காய்ச்சுபவர்களில் பாதிப்பேர் அந்தப் பழைய காலத்திலேயே இருக்கிறார்கள் என்று எங்கள் ஆய்வகத்தில் கேலி செய்வதுண்டு.

அளவெடுக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தவறான எண் எண்ணே இல்லாததைவிட மோசம். கொதிநீரிலோ கிருமிநீக்கியிலோ சுத்தம் செய்த குழாய் வழியாகச் சிறிது பியரை எடுங்கள். அதை இரண்டு டம்ளர்களுக்கு இடையே பத்துப் பதினைந்து முறை மாற்றி மாற்றி ஊற்றி, கரைந்திருக்கும் வாயுவை வெளியேற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால் நுண்ணிய குமிழிகள் ஹைட்ரோமீட்டரின் உடலில் ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கும். எண் உண்மையைவிட ஓரிரு புள்ளி (ஒரு புள்ளி என்பது 0.001) கூடுதலாகத் தெரியும். அளவுக்குழாயில் மிதக்கவிட்டதும் தண்டை விரலால் ஒரு சுழற்று சுழற்றுங்கள், மிச்சமிருக்கும் குமிழிகளும் உதிர்ந்துவிடும். கண்ணை நீர்மட்டத்துக்கு நேராகக் கொண்டுவந்து, தண்டை ஒட்டி மேலேறும் வளைவின் உச்சியை விட்டுவிட்டு, சமதளமாக இருக்கும் மட்டத்தைப் படியுங்கள். பிறகு வெப்பநிலை. பெரும்பாலான கருவிகள் 20 டிகிரிக்கு அமைக்கப்பட்டவை, பழைய சில 15.6 டிகிரிக்கு, உள்ளே இருக்கும் காகிதத்தில் அச்சிட்டிருக்கும். 20 டிகிரிக்கு அமைத்த கருவியில் 30 டிகிரி மாதிரியைப் பார்த்தால் எண் இரண்டரைப் புள்ளி குறைத்துக் காட்டும், 1.010 என்று படித்தது உண்மையில் 1.0125 அளவில் இருக்கும். எடுத்த மாதிரியைத் திரும்ப வாளியில் ஊற்றாதீர்கள். குடித்துப் பாருங்கள், அதுவும் ஒரு பரிசோதனைதான்.

உங்கள் சாற்றைப் போன்ற ஒன்றில் எண்கள் எப்படி இறங்கும் என்பதற்கு ஒரு மாதிரி வரிசை தருகிறேன். இது பொதுவான போக்கு மட்டுமே, உங்கள் வாளி இதை மனப்பாடம் செய்து வைத்திருக்காது. முதல் நாள் முடிவில் 1.046, இரண்டாம் நாள் 1.028, மூன்றாம் நாள் 1.016, நான்காம் நாள் 1.013, ஆறாம் நாள் 1.012, எட்டாம் நாளும் 1.012. நடுவில் ஒரே நாளில் 18 புள்ளி விழுந்திருக்கிறது. மூன்றாம் நாளுக்குப் பிறகு மொத்தமாகவே நான்கு புள்ளிதான். ஈஸ்ட்டின் வேகம் என்று ஒற்றை எண் கிடையாது என்பது இதிலிருந்தே தெரியும். எத்தனை மணி நேரத்தில் தொடங்கியது, உச்சத்தில் நாளுக்கு எத்தனை புள்ளி விழுந்தது, கடைசி நான்கு புள்ளிக்கு எத்தனை நாள் எடுத்தது என்று மூன்றாகப் பார்க்க வேண்டும். முதல் இரண்டும் கண்ணுக்கு விருந்து. பாட்டிலில் அடைக்க நினைப்பவருக்கு மூன்றாவதுதான் முக்கியம். அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

கடைசிப் பகுதி இழுத்துக்கொண்டு போவதற்குக் காரணம் உண்டு. சாற்றில் உள்ள சர்க்கரை ஒரே வகை இல்லை. குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், சுக்ரோஸ் முதலில் காலியாகும். பிறகு மால்டோஸ், சாற்றின் நொதிக்கும் சர்க்கரையில் பெரும்பங்கு இதுதான். மூன்று குளுக்கோஸ் கோத்த மால்டோட்ரையோஸை ஈஸ்ட் கடைசிக்கு ஒதுக்கிவைக்கும், சில வகைகள் அதைச் சரியாகத் தொடுவதே இல்லை. அதைவிட நீளமான டெக்ஸ்ட்ரின்களைச் சாதாரண ஏல் ஈஸ்ட் தின்னாது. அவை பியரின் உடலாக, வாயில் உணரும் கனமாக மிஞ்சும். இதற்குள் ஆல்கஹால் கூடிவிட்டது, சத்து குறைந்துவிட்டது, செல்களில் பாதி அடியில் படிந்துவிட்டது. வேகம் குறையாமல் என்ன செய்யும்?

அந்த நான்கு புள்ளி ஏன் இவ்வளவு முக்கியம் என்று நினைக்கலாம். ஒப்படர்த்தி ஒரு புள்ளி இறங்கும்போது வெளிவரும் வாயு, ஒவ்வொரு லிட்டர் பியருக்கும் சுமார் அரை லிட்டர். பியரில் வாயு ஏறுவதற்காகப் பாட்டிலில் வழக்கமாகச் சேர்க்கும் லிட்டருக்கு 6.5 கிராம் சர்க்கரையும் ஏற்கெனவே கரைந்திருப்பதும் சேர்ந்து, லிட்டருக்கு இரண்டரை லிட்டர் வாயு என்ற இதமான அளவைத் தரும். நான்கு புள்ளி மிச்சமிருக்கும்போதே அடைத்துவிட்டால் அதன்மேல் இன்னும் இரண்டு லிட்டர் ஏறும். நாலரை என்பது சாதாரண பியர் பாட்டிலை நம்பி வைக்கக்கூடாத அளவு. திறக்கும்போது பொங்கி வழிவதோடு போனால் அதிர்ஷ்டம். கண்ணாடி சிதறினால் கண் போகும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, விட்டுக்கொடுக்கவும் மாட்டேன்.

எண் அசையாமல் நிற்கிறது என்றால் முடிந்துவிட்டதா? இரண்டு அல்லது மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகள் ஒன்றாக இருந்தால் ஈஸ்ட் நின்றுவிட்டது என்று சொல்லலாம். வேலை முடிந்து நின்றதா, பாதி வழியில் களைத்து நின்றதா என்பது வேறு கேள்வி. ஈஸ்ட் பொட்டலத்தில் அது எத்தனை சதவீதம் ஒப்படர்த்தியைக் குறைக்கும் என்று போட்டிருப்பார்கள். பெரும்பாலான ஏல் வகைகளுக்கு 70 முதல் 80. உங்கள் 50 புள்ளியில் 76 சதவீதம் இறங்கினால் 1.012. ஆனால் மால்ட்டை ஊறவைத்த வெப்பநிலை இந்தக் கணக்கை மாற்றும்: 64 டிகிரியில் ஊறியது ஆழமாக இறங்கும், 69 டிகிரியில் ஊறியது மேலேயே நிற்கும். மால்ட் சத்துக்குழம்பு வாங்கிக் காய்ச்சியிருந்தால் அந்த முடிவை உற்பத்தியாளர் ஏற்கெனவே எடுத்துவிட்டார், உங்கள் கையில் இல்லை.

ஆலைகளில் இதற்கு ஒரு எளிய வழி வைத்திருக்கிறோம், வீட்டிலும் செய்யலாம், ஏனோ யாரும் செய்வதில்லை. அடுத்த முறை காய்ச்சும்போது, ஈஸ்ட் சேர்ப்பதற்கு முன் கால் லிட்டர் சாற்றைத் தனிச் சீசாவில் எடுத்து, அதில் தேவைக்கு மிகமிக அதிகமாக ஈஸ்ட்டைப் போட்டு, 25 முதல் 27 டிகிரி வெதுவெதுப்பில் வையுங்கள். வாயை இறுக்கி மூடாமல், போகிறபோது வருகிறபோதெல்லாம் ஒரு குலுக்குக் குலுக்குங்கள். இரண்டு மூன்று நாளில் அது எங்கே போய் நிற்கிறதோ, ஏறக்குறைய அங்கேதான் பெரிய வாளியும் வந்து சேர வேண்டும். அந்தச் சீசா ருசிக்கு ஆகாது, கொட்டிவிடுங்கள். ஆனால் போய்ச் சேர வேண்டிய எண் கையில் இருந்தால், வாளி 1.018-இல் நிற்கும்போது இது களைப்பா முடிவா என்று ஊரைக் கேட்க வேண்டியதில்லை.

கருவிகளைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒரு சொட்டில் சர்க்கரை காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் நொதிக்கும் முன் அருமையான கருவி. நொதிக்கத் தொடங்கியபின் ஆல்கஹால் ஒளியை வளைத்து அதைக் குழப்பிவிடும், 1.012-இல் முடிந்த உங்கள் பியரை 1.025 அளவில் காட்டும். அதற்கான திருத்தச் சூத்திரங்கள் உண்டு, அவை தோராயமானவை. வாளிக்குள்ளேயே மிதந்து கைபேசிக்கு எண் அனுப்பும் சாதனங்கள் போக்கைக் காட்டுவதில் கெட்டிக்காரத்தனமானவை. மேலே நுரைப்பிசின் ஒட்டினால் எண்ணில் சில புள்ளி தடுமாறும். சரிவு எப்போது தட்டையாகிறது என்று பார்க்க அவற்றை நம்பலாம், இறுதி எண்ணுக்குக் கண்ணாடி ஹைட்ரோமீட்டரே மேல்.

இனி வேகம் நல்லதா கெட்டதா என்ற பக்கம். வேகத்தைத் தீர்மானிப்பதில் வெப்பநிலையும், எத்தனை உயிருள்ள செல்களைப் போட்டீர்கள் என்பதும்தான் பெரிய பங்கு வகிக்கின்றன. தொழில்முறை வழக்கில் ஏலுக்கு ஒரு மில்லிலிட்டருக்கு, ஒவ்வொரு பிளேட்டோ டிகிரிக்கும் (சாற்றின் எடையில் நூற்றுக்கு எத்தனை பங்கு கரைந்த சர்க்கரை என்ற அளவு) ஏழரை லட்சம் செல்கள். உங்கள் வாளிக்கு அது 18,000 கோடிக்குச் சற்று மேல் வரும். பழைய பொட்டலம், வெப்பத்தில் கிடந்த பொட்டலம் என்றால் அதில் உயிரோடு இருப்பவை குறைவு, தொடக்கம் தாமதமாகும். திரவ ஈஸ்ட் உலர்ந்ததைவிட விரைவில் வலுவிழக்கும். நொதித்தல் தானே வெப்பத்தையும் உண்டாக்குகிறது. அறை 22 டிகிரி என்றால் உச்சத்தில் வாளிக்குள் 25 இருந்திருக்கலாம். நீங்கள் தந்தது அறையின் எண். ஈஸ்ட் உணர்ந்தது வாளியின் எண். வாளியின் வெளிச்சுவரில் ஒட்டும் வெப்பமானிப் பட்டை உண்மைக்கு அருகில் வரும். முதல் இரண்டு மூன்று நாளின் மிதமிஞ்சிய சூடுதான் மண்டையைப் பிடிக்கும் கனத்த ஆல்கஹால்களையும் அளவுமீறிய பழவாசனையையும் தரும். அதே சூடு கடைசிக் கட்டத்தில் வந்தால் தீங்கு குறைவு, உதவிகூடச் செய்யும். இது எல்லா வகைக்கும் பொருந்தும் சட்டம் இல்லை. நார்வே நாட்டுப் பண்ணைகளில் வழிவழியாகக் காத்துவந்த குவைக் ஈஸ்ட், 35 டிகிரியிலும் சுத்தமாக வேலை செய்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிடும்.

உங்கள் பியரின் ருசி இந்த வேகத்தால் கெட்டிருக்குமா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஈஸ்ட் வகையின் பெயரையும் நீங்கள் எழுதவில்லை, வாளிக்குள் இருந்த வெப்பநிலையும் தெரியாது. 25 டிகிரியை அலட்டிக்கொள்ளாத ஏல் வகைகள் ஏராளம் என்பதால் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும் என்பது என் ஊகம், ஊகம் மட்டுமே.

எண் நின்றபிறகும் உடனே அடைக்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் டையசிட்டைல். வெண்ணெய் வாசனை தரும் இந்தப் பொருளாக மாறப்போகும் மூலப்பொருள், ஈஸ்ட் வேகமாகப் பெருகும்போது பியரில் கசிந்து நிற்கும். பின்னர் அது டையசிட்டைலாக மாறியதும் ஈஸ்ட்டே அதைத் திரும்ப எடுத்துக் கரைத்துவிடும், அதற்கு ஓரிரு நாள் அவகாசம் வேண்டும். சோதிப்பது சுலபம். இரண்டு சிறு சீசாவில் மாதிரி எடுத்து, மூடி, ஒன்றை 60 டிகிரிக்குச் சற்று மேல் உள்ள வெந்நீரில் அரை மணி நேரம் வையுங்கள். பின் குளிரவைத்து இரண்டையும் முகர்ந்து பாருங்கள். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் வாசனை வந்தால் ஈஸ்ட்டுக்கு இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இன்று ஓர் அளவு, மூன்று நாள் கழித்து இன்னோர் அளவு. இரண்டும் 1.010-க்கும் 1.014-க்கும் இடையே ஒன்றாக இருந்து, சுவையும் தித்திக்காமல் இருந்தால், மேலும் ஓரிரு நாள் விட்டு அடைக்கலாம். 1.020-ஐ ஒட்டி நின்றால் வாளியை 22 டிகிரியிலேயே வைத்து, மூடியைத் திறக்காமல், அடியில் படிந்த ஈஸ்ட் எழும்பும்படி மெதுவாகச் சுழற்றிவிடுங்கள். காற்று கலக்கும்படி ஆட்டக்கூடாது, இந்தக் கட்டத்தில் ஆக்சிஜன் பியரைப் பழசாக்கும். இரண்டு நாளில் எண் இறங்கவில்லை என்றால் அப்போது புதிய ஈஸ்ட்டைப் பற்றி யோசிக்கலாம். எண் நிற்காமல் 1.008, 1.006, 1.004 என்று வாரக்கணக்கில் நழுவிக்கொண்டே போனால் அது வேறு விவகாரம். டெக்ஸ்ட்ரினையும் உடைத்துத் தின்னும் டயாஸ்டாட்டிகஸ் வகை ஈஸ்ட்டோ காட்டு நுண்ணுயிரோ உள்ளே புகுந்திருக்கக்கூடும். சில பெல்ஜிய ஏல் ஈஸ்ட்கள் பிறவியிலேயே இந்த ரகம் என்பதால் பொட்டலத்தின் பின்பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். அப்படி நழுவும் பியரைக் கண்ணாடியில் அடைக்காதீர்கள். அழுத்தம் தாங்கும் கெக்கில் (உலோகப் பீப்பாயில்) ஊற்றிக் குளிர்ச்சியில் வையுங்கள், அல்லது எண் உண்மையாகவே நிற்கும்வரை வாளியிலேயே இருக்கட்டும்.